நேற்று வைத்த படங்கள்

மதியம் இரண்டு மணிக்கு அக்காவின் சிப் இருநூறு சோதனைகளிலும் தேறியது. நேற்று மூன்றில் தோற்றிருந்தது. நான்கு மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டால் வடிவமைப்பு தொழிற்சாலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு பிழை தெரிந்தால் செய்த சிப் அத்தனையும் குப்பை. அக்காவின் வேலையும் அதோடு போகும்.

சிப் என்று ஒன்று இன்னும் கிடையாது. கணினிக்குள் நடிக்கும் இரண்டு நிரல்கள்தான். அக்காவின் நிரல் சிப்பாக நடிக்கும், என்னுடையது கேமராவாக. இரண்டுக்கும் பொதுவாக நினைவகத்தில் ஓர் இடம். நான் படங்களை அதில் வைப்பேன், அவள் எடுத்துப் படிப்பாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி.

தம்பி நான் சாப்பிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிட்டதாக அறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய இடத்து இரவு வேலையை விட்டு ஓடிவந்த என்னை இங்கே சேர்த்துவிட்டதே தான்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். தினமும் சொல்வதுதான். நான் என் திரையைப் பார்த்தேன்.

"அக்கா, என் கேமரா ஓடவே இல்ல. நேத்து கிளம்பும்போது நிறுத்தினதுதான்."

"அப்ப என் சிப் எதைப் படிச்சுது?"

"நேத்து வச்சதை. நான் நிறுத்தினாலும் அது அங்கயே கிடக்கும். பழசைத் தின்னுட்டு ஏப்பம் விட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "துடைச்சுட்டுப் போறது யாரு வேலை?"

என் வேலைதான். நிறுத்தும்போது துடைக்கச் சொல்லும் அந்த ஒரு வரி நிரலை மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். வீட்டிலும் தட்டைக் கழுவாதவன்தானே என்றாள். படத்தின் எண்ணைப் பார்த்தாலே பழையது என்று தெரிந்திருக்கும், வேகத்துக்காக அதைப் பார்க்காமல் விட்டது யார் என்று நானும் கேட்டுவைத்தேன்.

துடைத்துவிட்டு இரண்டையும் ஓட்டினோம். நூற்று முப்பத்தேழாவது சோதனையில் விழுந்தது. நான் படத்தை வைத்து முடிப்பதற்குள் சிப் அவசரப்பட்டு எடுத்துவிட்டது: பாதிப் படம், பாதி வெறுமை. நேற்றைய படங்கள் முழுசாகக் கிடந்ததால் மதியம் சிப்புக்குக் காத்திருக்கத் தேவையே வரவில்லை.

நான்கு மணிக்கு மேலாளர் பேனாவோடு வந்தார். மதியத்துப் பட்டியல் முழுக்கப் பச்சையாக அவர் கையில் இருந்தது. அக்கா என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று நினைத்தேன்.

"அது பொய்ப் பட்டியல் சார். நாங்க ரெண்டு பேரும் பண்ணின தப்பு. சிப் காத்திருக்க மாட்டேங்குது, ரெண்டு நாள் வேணும்."

அவர் பேனாவை மூடிக்கொண்டு, கையெழுத்து வாங்காமலே போனார்.

அக்கா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

"அந்த வரியை இப்ப எழுது. நான் பாக்கணும்."

எழுதினேன். பிறகு என் நாற்காலியை அவள் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போய், படத்தின் எண்ணைப் பார்க்கும் அவளுடைய வரியை அவள் எழுதும்வரை நானும் உட்கார்ந்திருந்தேன்.