குளத்தூர் ஆலையில் திறக்காத பில்

எங்கள் முதலாளி குமரப்பன் எழுதிய மென்பொருளைக் குறை சொல்ல புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். குளத்தூர் அரிசி ஆலை நல்லதம்பி. பில் போடும் நிரலைத் திறந்தால் கண் இமைப்பதற்குள் மூடிக்கொள்கிறதாம். எப்போதும் அல்ல, ஒரு நாள் காலையில், இன்னொரு நாள் மத்தியானத்தில். ஆபீசில் சாயங்காலம் உட்கார்ந்து நாங்கள் சோதித்தால் சமர்த்தாகத் திறக்கும்.

பழி என் தலையில் விழுந்தது.

"புவனேஸ்வரி, வெள்ளிக்கெழமை நீயே போ. சரியாயிருச்சுன்னு அந்தாளு வாயால வந்தாத்தான் ஒனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா அப்பிடியே வீட்டுக்குப் போயிரு ஆத்தா" என்றார் முதலாளி, தேன் ஒழுக. என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

நல்லதம்பி கறுப்புச் சட்டைக்காரர். தன் கல்யாணத்தையே ராகுகாலத்தில் நடத்திக்கொண்டவர். அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லாமல் விடமாட்டார்.

"வாம்மா. லாரி நிக்குது, லோடுமேன் நிக்கிறான். பத்தரையிலேருந்து இந்தப் பொட்டி என்னைய மதிக்கவே மாட்டேங்குது."

ஓடுகிற நிரலைப் பிடித்து நிறுத்தி, வரி வரியாக நடக்கவிட்டு, எங்கே இடறுகிறது என்று பார்க்க டிபக்கர் என்று ஒரு கருவி உண்டு. ஆனால் இந்த நிரல் நான் பிடிப்பதற்குள் செத்துப்போய்விடுகிறதே! ஆகவே விண்டோஸின் அமைப்பில் அதன் பெயரைப் போட்டு, இதை யார் திறந்தாலும் முதலில் டிபக்கரைக் கூப்பிடு என்று எழுதிவைத்தேன். பிறகு திறந்தேன். நிரல் பிறந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். பிடிபட்டது.

'ராகுகாலமா என்று பார். ஆமென்றால் மூடு.' எழுதியவர் பெயரும் மேலேயே இருந்தது. குமரப்பன்.

ஆலைக்கு வெளியே வந்து அவருக்குப் போன் போட்டேன்.

"மொதமொதல்ல கணக்குத் தொறக்கறப்ப நல்ல நேரமா இருக்கட்டும்னு போட்டேன் ஆத்தா. ஒவ்வொரு தடவையும் பாக்கும்னு யாரு கண்டா?"

எழுதினவர் கண்டிருக்க வேண்டும். மற்ற ஆலைக்காரர்கள் யாரும் அந்த நேரத்தில் கணக்கைத் தொடவே மாட்டார்கள், அதனால் இத்தனை வருஷம் பிழைத்தார்.

"சத்தங்காட்டாம எடுத்துட்டு வைரஸ்னு சொல்லிரு. விஷயம் தெரிஞ்சா அந்தாளு மேடை போட்டுப் பேசிருவாரு. அப்பறம் ஒனக்கு இங்கிட்டு வேலை இல்ல, பாத்துக்க."

அந்த வரிகளை எடுத்தேன், நிரலைப் புதிதாகப் போட்டேன், திறந்து காட்டினேன். திறந்தது.

"வைரஸ்தாங்க. சரியாயிருச்சு, பில் போடுங்க."

நல்லதம்பி நாற்காலியை விட்டு எழவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வைரஸ் இல்லம்மா. நானும் கவனிச்சுட்டுத்தான் வாரேன். எப்பெல்லாம் ராகுகாலமோ அப்பெல்லாம்தான் இது படுத்துக்குது. இம்புட்டு நாளா நாந்தான் தப்பா இருந்துட்டேனோன்னு தோணுது. வெளிய சொல்லிராத."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. ஒரு மனுஷனின் ஆயுட்கால நம்பிக்கையை எங்கள் முதலாளியின் நாலு வரி கவிழ்ப்பதா? வேலை போனால் போகட்டும் என்று, என் மடிக்கணினியில் இருந்த பழைய நிரலைத் திறந்து, அவர் பக்கம் திருப்பி அந்த வரிகளைக் காட்டினேன். அவரே வாய்விட்டுப் படித்தார். முகம் சிவந்தது. உடனே குமரப்பனுக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். "இந்தப் பொண்ணு காட்டலேன்னா நான் முட்டாளாவே செத்திருப்பேன்யா!" என்று என்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தார். என் வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது.

போகட்டும், உண்மை ஜெயித்தது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

"இப்பப் போடுங்கய்யா பில்ல" என்றேன்.

நல்லதம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. ஆனா எதுக்கு வம்பு? பன்னண்டு ஆகட்டும்."