முதலில் இருமல், அப்புறம்தான் விளக்கு

கேள்வி கேட்டது டாக்டர் ஸ்யாமளா. ஒர்க்ஷாப்காரர் ஜெயக்கொடி பதில் சொன்னதோ அவள் கணவர் ராஜாராமனிடம்.

"ஐயா, அம்மாகிட்ட சொல்லுங்க. டைனமோவைக் கழட்டிட்டு வேற மாட்டியாச்சு. பேட்டரிக்கும் சார்ஜ் ஏத்தியாச்சு. இனிமே அந்தச் செவப்பு வெளக்கு எரியாது."

கார் அவளுடையது. ஓட்டுகிறவளும் அவள்தான். ராஜாராமனுக்கு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதுகூடத் தெரியாது. ஆபீஸுக்குச் சைக்கிளில் போய் வருகிற மனுஷர். அந்த மனுஷரைப் பார்த்து டைனமோவைப் பற்றிப் பேசுவதும், அவர் என்னமோ எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டுவதும்! இதைவிட அநியாயம் பழங்காநத்தத்தில் வேறு எங்கே நடக்கும்?

"ஜெயக்கொடி, நான் இங்கதான் நிக்கறேன். எங்கிட்டயே சொல்லுங்கோ" என்றாள் ஸ்யாமளா. "போன தடவையும் சொன்னேன். மொதல்ல இன்ஜின் இருமறது. மூச்சு முட்டற மாதிரி திணர்றது. அப்புறம்தான் விளக்கு எரியறது. விளக்கு எரிஞ்சதால வண்டி நிக்கலை. வண்டி நிக்கறதாலதான் விளக்கு எரியறது."

ஜெயக்கொடி சிரித்தார். மறுபடியும் ராஜாராமன் பக்கமே திரும்பினார். "வெளக்கு எரிஞ்சாத்தேன்யா கோளாறு. அதுக்குத்தானே வெள்ளைக்காரன் வெளக்கே வச்சிருக்கான்? இன்னொண்ணு, கிளட்ச்சு மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டினா எந்த வண்டிதேன் தாங்கும்? பொம்பளைகளுக்கு அது வராதுய்யா. நான் குத்தமாச் சொல்லலை."

குற்றமாகச் சொல்லவில்லையாம்! நாலு தெருவுக்குக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, குற்றமாகச் சொல்லவில்லையாம்.

கொடைக்கானல் எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார் அது. முகப்புப் பலகையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. இன்ஜின் ஓடும்போது அணைந்திருக்கும். டைனமோ மின்சாரம் தராவிட்டால் எரியும். வாங்கின நாளிலிருந்து ஒரு குறை சொல்ல முடியாதபடி உழைத்த வண்டி. ஆயுத பூஜைக்கு முன்னால் ஆயில் மாற்ற முதல் தடவையாக ஜெயக்கொடியிடம் விட்டு எடுத்து வந்தாள். அன்றைக்குப் பிடித்தது பீடை. ஊருக்குள் எங்கே போனாலும் சமர்த்தாகப் போகும். நீண்ட தூரம் போனால்தான் வினை. நடுக்காட்டில் இருமி, விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். வெகுநேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பக் கிளம்பும். ஜெயக்கொடி பழங்காநத்தத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கமா ஓடுது" என்பார். ஓடாமல் என்ன செய்யும்? கூப்பிடு தூரத்தில் எதற்குத்தான் மூச்சு வாங்கும்?

முதல் தடவை அது நின்றது உசிலம்பட்டிச் சாலையில். மொக்கையன் என்ற குடியானவனுடைய மனைவிக்குப் பிரசவம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். வண்டி நின்று, கிளம்பி, அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கழுத்தைக் கொடி சுற்றி எல்லாம் முடிந்திருந்தது. உடம்பில் சூடு மட்டும் இருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைக்க வைத்திருப்பாள். அது அவளுக்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும். மொக்கையன் அவளைத் திட்டவில்லை. "நீங்க என்ன தாயி செய்வீங்க, வண்டி வரலை" என்று சொல்லி, கும்பிட்டு அனுப்பினான். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கும்பிடு அவள் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

இப்போது அதே பக்கத்தில் சோலையின் மனைவி மலையம்மாளுக்கு நாள் நெருங்கியிருந்தது. குழந்தை திரும்பாமல், தலை மேலாகவே கிடந்தது. வலி எடுத்ததும் ஆள் அனுப்பும்படி ஸ்யாமளா சொல்லிவிட்டு வந்திருந்தாள். வண்டி சரியானால்தான் அந்த வாக்குக்கு மதிப்பு.

"இன்னொரு தடவை நின்னுதுன்னா வித்துடலாம், ஸ்யாமளா" என்றார் ராஜாராமன். "குதிரை ஜட்காவுல போய்க்கலாமே."

"பேஷா போகலாம். நான் போய்ச் சேர்றச்சே அந்தக் குழந்தையே வாசல்ல வந்து என்னை வாங்கோன்னு கூப்பிடும்" என்றாள் அவள்.

ஜெயக்கொடி இதற்குள் பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்திருந்தார். பொட்டு வைக்காமல் எந்த வண்டியையும் தன் பட்டறையை விட்டு அனுப்பாதவர் அவர். ரேடியேட்டருக்கு ஒன்று, முன்விளக்குகளுக்கு ஆளுக்கொன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று. கடைசியாகப் பின்பக்கம் போய், பெட்ரோல் மூடியின் நட்டநடுவில் கட்டை விரலால் அழுத்தி, தாராளமாக ஒன்று. "சோறு திங்கிற வாயில்ல! இங்கதேன் மொத மரியாதை" என்றார், அதையும் ராஜாராமனிடமே.

மறுநாள் காலையில் சோலை வந்து நின்றான். விடிவதற்கு முன்பே கிளம்பி, சந்தைக்கு வந்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்தவனுக்கு வாய் குழறியது. "வலி எடுத்துருச்சும்மா. காலு தட்டுப்படுதுன்னு மருத்துவச்சி சொல்லுது. அம்புட்டுப் பேரும் பயந்துபோய்க் கெடக்காக."

அவன் ஃபுட்போர்டில் நின்றுகொண்டு வரப் பார்த்தான். "உள்ள ஏறி உக்காருங்கோ, நேரமில்லை" என்று அதட்டி, முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். நாகமலை வரை வண்டி பறந்தது. அதைத் தாண்டி, கரிசல் நடுவே சாலை நேராக நீளும் இடத்தில், கேட்டது அந்த இருமல்.

ஒரு திணறல். இன்னொரு திணறல். அப்புறம், ஆமாம், அப்புறம்தான், அந்தச் சனியன் பிடித்த சிவப்பு விளக்கு. வண்டி புளியமரத்தடியில் போய் நின்றது.

"புது டைனமோவாம், டைனமோ! நாசமாப் போக!" ஸ்யாமளா கதவை அறைந்து சாத்தினாள். சோலை இறங்கினான். மேற்கே சாலையைப் பார்த்தபடி நின்றான்.

அவனைப் பார்த்ததும் அவள் கோபம் ஒரு நிலைக்கு வந்தது. இத்தனை நாளும் வாயால் இருமலைச் சொல்லிவிட்டு, அவளும் அல்லவா அந்த விளக்கையே நம்பிக்கொண்டு, நின்ற போதெல்லாம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒயர்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்! நோயாளிக்கு உதடு நீலமானால் உதட்டுக்கா மருந்து போடுவாள்? மூச்சுக்கு அல்லவா வழி பார்ப்பாள். இன்ஜின் இருமுகிறது. அதற்கு ஏதோ வந்து சேரவில்லை. காற்று, இல்லையென்றால் பெட்ரோல்.

பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினாள். அது அசைய மறுத்தது, உள்ளேயிருந்து யாரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி. புடவைத் தலைப்பைச் சுற்றி இரண்டு கையாலும் திருகினாள். 'புஸ்'ஸென்று நீளமாக ஒரு சத்தம். வெளிக்காற்றை டாங்கி ஆவலாய் உறிஞ்சியது, முங்கி எழுந்தவன் மூச்சை இழுப்பது போல.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நட்டநடுவில் ஜெயக்கொடியின் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டினாள். அடியில் கடுகளவு ஒரு துளை! பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்காக வைத்த துளை. அதை அடைத்துவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்? ஒவ்வொரு தடவையும் ரிப்பேருக்கு என்று கொண்டுபோய் விட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷர் புதுச் சந்தனத்தால் அதன் மூக்கைப் பொத்தி அனுப்பியிருக்கிறார். பழி அவள் காலுக்கு!

"ஏறுங்கோ சோலை!" என்று கத்தினாள். வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு எங்கேயும் இருமவில்லை.

மலையம்மாள் பிழைத்தாள். கால் முன்னால் வந்த குழந்தை கன்றிப்போய், அழாமல் இருந்தது. ஸ்யாமளா தலைகீழாகப் பிடித்துத் தட்டி, வாயில் வாய் வைத்து ஊதி, அதை அழ வைத்தாள். சோலை வெளியே தரையில் உட்கார்ந்து, கூச்சமில்லாமல் ஓவென்று அழுதான்.

அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் சந்தோஷத்தில் மட்டும் வந்ததல்ல அது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பழங்காநத்தம்தான். ஜெயக்கொடி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா வரலீங்களா?"

"வரலை. நான் வந்திருக்கேன்." பெட்ரோல் மூடியை அவர் கையில் வைத்தாள். ஓரத்தில் பாதிச் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "அந்தத் துளையைப் பாருங்கோ. எதுக்கு இருக்குன்னு தெரியுமா?"

பார்த்தார். தொழில் தெரிந்தவர், பார்த்ததும் புரிந்துவிட்டது. முகம் மாறியது. ஆனாலும் வாய் விடவில்லை. "சாமிக்குன்னு வைக்கிறது தாயி. அதைப் போயி..."

"சாமியை இழுக்காதீங்கோ. மூக்கையும் வாயையும் பொத்திண்டு இந்தத் தெருக்கோடி வரைக்கும் ஓடிட்டு வாங்கோ, பார்க்கலாம். கண்ணு செவந்துடும். உடனே கண்ணுக்கு மருந்து போடறேன், சரியா?"

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"மொதல்ல இருமறதுன்னு சொன்னேன். அப்புறம்தான் விளக்குன்னு சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்? டைனமோவை மாத்தினேள். பேட்டரியைப் பார்த்தேள். என் காலைக்கூடக் குத்தம் சொன்னேள். நான் சொன்னதை மட்டும் காதுல வாங்கலை." அவள் குரல் இங்கே உடைந்தது, உடைந்தாலும் நிறுத்தவில்லை. "ஆயுத பூஜை முடிஞ்சு மொதல் தடவை இது நின்னுதே, அன்னைக்கு மொக்கையன் வீட்டுல ஒரு குழந்தை செத்துப் பொறந்தது. பெண் குழந்தை. இந்த மூடிக்கு இத்தனை சந்தனம் அப்பினேள். அந்தக் குழந்தை நெத்தியில ஒரு பொட்டு வைக்கக்கூட அவாளுக்குக் குடுத்து வைக்கலை, ஜெயக்கொடி."

ஜெயக்கொடி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். பழக்க தோஷத்தில் கண் அவளைத் தாண்டி, காரின் இன்னொரு பக்கத்துக்குப் போய், ஐயாவைத் தேடியது.

அங்கே யாரும் இல்லை.