அலை வீடு பார்த்த நாள்

ஆன்டெனாவை வரைந்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அதில் குடியிருக்கப்போகும் அலை நேரில் வந்து வீட்டைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் எல்லாக் கம்பெனியிலும் இதுதான் வழக்கம். பிடிக்காவிட்டால் போய்விடலாம், தப்பில்லை. ஆனால் ஒருவர் வரைந்த வீட்டை மூன்று முறை வேண்டாமென்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவர் எதை வரைந்தாலும் எந்த அலையும் எட்டிப்பார்க்காது.

தில்லைநாயகிக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. முதல் வீடு நெருக்கடி. இரண்டாவது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு திருகாணி. அலைக்கு இரும்பு ஆகாது. இன்றைக்கும் தவறினால், பதினாறு வருஷம் செம்பில் கோடு போட்ட கை, கடையில் ஒரு குச்சி ஆன்டெனாவை வாங்கி நெட்டுக்குத்தலாக ஒட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்கு ஆத்திரம் வந்தது. பயம் மட்டும் வரவில்லை. அழைப்பு மணிக்குள் போகிற சர்க்யூட் போர்டின் மூலையில், கட்டைவிரல் நகமளவு இடத்தில், முப்பத்தோரு மில்லிமீட்டர் செம்பை ஏழு மடிப்பாக மடக்கித் தட்டையாகப் படுக்க வைத்திருந்தாள். இதைவிட நல்ல வீட்டை அவள் வரைந்ததில்லை. அது அவளுக்கே தெரியும்.

வைஃபை அலை பத்து மணிக்கு வந்தார். ஆபீஸ் கீழ்த்தளம்தான், இருந்தாலும் அலையல்லவா, ஏறி இறங்கித்தான் வந்தார். செருப்பை வெளியே விட்டார், மோர் குடித்தார், போர்டின் மேல் குனிந்தார். உடம்பை மடக்கியல்லவா படுக்க வேண்டும் என்று இழுத்தார். மடங்கினாலும் மொத்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்கவில்லை, வேண்டுமானால் அளந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் தில்லைநாயகி. அளந்து பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் நிமிர்ந்தார்.

"ஏனுங்கம்மிணி, பொடக்காளி எங்கீங்க?"

அலை காலாற உலாவ, ஆன்டெனாவை ஒட்டிக் கொஞ்சம் காலி இடம் வேண்டும். அதுதான் பொடக்காளி, வீட்டின் புழக்கடை. அவள் விட்டுத்தான் இருந்தாள். பேட்டரி வைக்கிற ஆரோக்கியராஜ் நேற்று அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். சும்மா கிடக்கிற இடத்தைச் சும்மா விட நம்மாட்களுக்கு மனசு வராது. பேட்டரியைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டார்.

அலை வெளியே போய் ஒரு செருப்பை மாட்டினார்.

"அஞ்சு நிமிசம் இருங்க. வீட்டுல குத்தமில்லீங்க, பொடக்காளியில யாரோ வண்டிய நிறுத்திட்டாங்க" என்றாள் தில்லைநாயகி.

பேட்டரிக்கு வேறு இடமே இல்லை என்று ஆரோக்கியராஜ் கையைப் பிசைந்தார். இருந்தது. போர்டின் மறு கோடியில் முதலாளியுடைய அப்பாவின் பெயர் பித்தளைத் தகட்டில் பதித்திருந்தது. இந்தக் கம்பெனிப் பொருள் எதுவும் அது இல்லாமல் வெளியே போனதில்லை. முதலாளி அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். தில்லைநாயகி தகட்டை நெம்பி எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பேட்டரியை வைத்தாள்.

"வேற எடமில்லீங்க" என்றாள்.

முதலாளி தகட்டைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அலை செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்துவைத்து வீட்டுக்குள் போனார். பால் பொங்கியது. சோதித்துப் பார்த்தபோது சிக்னல் பஸ் நிறுத்தத்தையும் தாண்டிக் குறையாமல் கிடைத்தது. தில்லைநாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி தன்னை யாரும் பிடிக்க முடியாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

ஆன்டெனாவுக்குள் குடிபோவது அலையில் நாலில் ஒரு பங்குதான். மீதி சாயங்காலம் வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது. மற்ற கம்பெனிகளில் அதைத் தெருவில் விட்டுவிடுவார்கள். தில்லைநாயகிக்கு மனசு கேட்கவில்லை. நம்ம வீட்டுக்கு வாங்க என்று கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னலோரத்தில் இருந்த பெண் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்து, ஒன்றே முக்கால் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.