பீர் தராதவனுக்குத் துடைப்பம்

யான்னாவுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் இருந்த கோபம் மாடிக்கு மாடி ஏறிக்கொண்டே போனது. ராட்டர்டாமில் வானத்தைத் தொடுகிற மாதிரி கட்டடம் எழும்புவது புதிதில்லை; ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை கூட உண்டு. யான்னாவும் பெருமைப்பட்டவள்தான், அது தன் சமையலறை ஜன்னலுக்கு நேரே முளைக்கும் வரை.

அவள் கணவன் மார்ட்டன் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன். கப்பல்களைக் கொண்டுபோய் விட்டு மாலையில் மாஸ் நதியில் திரும்பும்போது, யான்னா ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து பாத்திரம் துடைக்கும் துண்டை ஆட்டுவாள். அவன் படகின் விளக்கை அணைத்து ஏற்றுவான். கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம். அதைப் பார்த்த பிறகுதான் உருளைக்கிழங்கு அடுப்பில் ஏறும். இப்போது ஜன்னலைத் திறந்தால் வெறும் கான்கிரீட்.

"கட்டடத்தச் சுத்திக்கிட்டு கரைக்கு வாயேன். அங்கேருந்து ஆட்டு" என்றான் மார்ட்டன்.

"எவனோ பணக்காரன் வீடு கட்டுவான், அதுக்கு நான் ஆறு மாடி இறங்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"அப்போ விடு. எப்படியும் வீட்டுக்குத்தானே வரப்போறேன்? மூஞ்சிய இங்கயே பார்த்துக்கலாம்."

சண்டை வேண்டாமென்று சொன்னான். ஆனால் அந்த 'விடு' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமும் தனக்கு மட்டும்தான் அது பெரிதாக இருந்ததா? கேட்க வாய் வரவில்லை. 'ஆமா' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கட்டடம் உச்சியைத் தொட்ட அன்று மதியம் கதவு தட்டப்பட்டது. வாசலில் மேஸ்திரி டவ்வே, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தம், தூசி என்று அவளிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

"திட்டாதீங்கம்மா. ஒரு துடைப்பம் வேணும்."

"இத்தன பெரிய கட்டடம் கட்டுறீங்க, ஒரு துடைப்பம் இல்லையா?"

"எல்லாம் மெஷின்மா. உச்சி வந்தா கொடி ஏத்துவோம், முதலாளி பீர் வாங்கித் தரணும். எங்க முதலாளி ஆளுக்கொரு காப்பிக் கோப்பை குடுத்திருக்கான். அதுலயும் அவன் கம்பெனி பேரு!"

பீர் தராத முதலாளியின் கட்டட உச்சியில் கொடிக்குப் பதில் துடைப்பத்தைக் கட்டுவது ஊர் வழக்கம். கப்பல்காரன் முதல் கறிக்கடைக்காரன் வரை அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். யான்னாவுக்குப் பல நாளுக்குப் பிறகு முகம் மலர்ந்தது. கதவுக்குப் பின்னாலிருந்த நீளத் துடைப்பத்தை எடுத்து நீட்டினாள். மிஞ்சிய படகுப் பெயின்டில் மார்ட்டன் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து வைத்த கைப்பிடி.

"நல்லா உயரமா கட்டு. அவன் மானம் கடல் வரைக்கும் தெரியட்டும்."

மாலையில் அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, நதிப் பக்கமிருந்து சங்கு ஊதியது. அவளுக்கு அந்தச் சங்கு தெரியும், மார்ட்டன் படகுடையது. காரணமில்லாமல் அதைத் தொடாத மனுஷன், விடாமல் ஊதினான். யான்னா கத்தியைப் போட்டாள். நியாயம், பணக்காரன், ஆறு மாடி எல்லாம் மறந்துபோயின. வீட்டுச் செருப்போடு ஓடினாள். தோளில் துண்டு கிடந்தது.

கரையில் டவ்வேயின் ஆட்கள் துடைப்பத்தை அண்ணாந்து பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். படகு கரையோரமாகவே வந்தது. மார்ட்டன் வெளியே தலையை நீட்டி, உச்சியில் தெரிந்த தன் ஆரஞ்சுப் பட்டைத் துடைப்பத்தைக் கரையில் இருந்தவர்களுக்குக் காட்டினான், பிறகு அவளைப் பார்த்துவிட்டான். வாய்விட்டுச் சிரித்தான். ஜன்னலிலிருந்து பார்த்த காலமெல்லாம் அவன் ஒரு புள்ளி, ஒரு விளக்கு. வேலையில் இருக்கும் அவன் முகத்தை யான்னா இப்போதுதான் பார்க்கிறாள். துண்டை எடுத்து ஆட்டினாள். விளக்கு அணைந்து எரிந்தது.

"இந்தாளு உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?" என்றான் டவ்வே. "தினமும் இங்க வந்ததும் விளக்க அணைச்சு ஏத்துறாரு. ஒரு நாள் தவறினதில்ல. எங்க கிரேன்காரன் தனக்குத்தான்னு நெனச்சு, பாவம், தினமும் கையாட்டுவான்."

யான்னா திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள். தினமுமா? சுவரைப் பார்த்தா?

"அது எனக்கு" என்றாள். "அவன்கிட்ட சொல்லிடு."

மறுநாளே பீர் வந்தது, கொடி ஏறியது, துடைப்பம் கதவுக்குப் பின்னால் திரும்பிப் போனது. யான்னா தினமும் ஆறு மாடி இறங்கினாள், உருளைக்கிழங்குதான் தாமதமானது. டவ்வே விஷயத்தைச் சொன்ன பிறகும், கிரேனைக் கழற்றும் வரை அந்தக் கிரேன்காரன் மேலிருந்து கையாட்டிக்கொண்டுதான் இருந்தான். யான்னா அவனுக்கும் சேர்த்து ஒரு முறை துண்டை ஆட்டுவாள்.