பெல்ட்டில் வந்து சேர்ந்தேன்

விமானம் தரையிறங்கி மூன்று நாட்கள் ஆகியும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுபாதை முடியவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்ற விளக்கு எரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

என் பெயர் பெலிசியா. ஊர் வேம்பார். குவைத்தில் ஒரு வீட்டில் நான்கு வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் கிளம்பியபோது என் மகள் ரெனிட்டாவுக்கு இரண்டு வயது. இப்போது ஆறு. தினமும் போனில் பேசுவோம். ஆனால் போனில் என் முகம் ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும். நேரில் பார்த்தால் அவளுக்கு என்னைத் தெரியுமா என்று கவலையாக இருந்தது.

முதல் நாள் ஜன்னல் வழியே உப்பளங்கள் தெரிந்தன. இரண்டாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்தின் ஊடாகப் போனோம். பந்தியில் இருந்தவர்கள் இலையை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். மூன்றாம் நாள் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"எப்ப நிக்கும்?"

"தரையிறங்கியாச்சு மேடம்."

"அது தெரியுது. எப்ப நிக்கும்?"

"நாம வந்துட்டோம். ஊருதான் இன்னும் வரல."

அவள் ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் மீராசா என்பவர் இருந்தார். காயல்பட்டினத்துக்காரர். இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் வேலை. ஏறியதிலிருந்து தன் மனைவி ரஹ்மத்தைப் பற்றியே பேசினார். இரண்டாம் நாள் அவர் தோள்கள் சதுரமாகிவிட்டதைக் கவனித்தேன்.

"அண்ணே, ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. கொஞ்சம் இறுக்கமா இருக்கு. நெறைய அடைச்சிட்டேன் போல."

மூன்றாம் நாள் மாலைக்குள் அவர் பழுப்பு நிறப் பெட்டியாகிவிட்டார். பணிப்பெண் வந்து தூக்கிப் பார்த்தாள். "இருபத்திமூணு கிலோ. சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, அவருக்கு மறுபடி பெல்ட்டைப் போட்டுவிட்டாள். அவர் சாப்பாட்டை எனக்குக் கொடுத்தாள்.

நான்காம் நாள் காலையில் ஊர் வந்தது. விமானம் நின்றது.

இறங்கியதும் ஒரு நடைக்கூடம். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், வெளியே போக எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நடைக்கூடம் கொஞ்சம் நீண்டது. சிறிது தூரம் நடந்து இன்னொருவரிடம் கேட்டேன். மறுபடி நீண்டது. அந்த அம்மா பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார்.

"கேக்காதீங்கம்மா. கேட்டா நீளும்."

கேட்பதை நிறுத்தினேன். நாலாவது எட்டில் கவுன்ட்டர் வந்துவிட்டது.

அங்கே இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"இவங்க எங்க?"

"நான்தான் மேடம் அது."

"நீங்க வந்தவங்க. இவங்க போனவங்க. போனவங்க வந்தாத்தான் சீல் வைக்க முடியும்."

"அவ இனிமே வர மாட்டா மேடம்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். பேனா மூடியைக் கழற்றி ஒரு படிவத்தை நீட்டினார். நீங்கள் இருக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. ஆம், இல்லை, ஓரளவு என்று மூன்று கட்டங்கள். ஓரளவு என்பதில் குறி போட்டேன். அடுத்த கேள்வி, உங்களை எடுத்துக்கொள்பவர் யார் என்பது. தனிஸ்லாஸ் என்று என் கணவர் பெயரை எழுதினேன். அதிகாரி அந்தப் பெயரை அடித்துவிட்டார்.

"புருஷன் செல்லாது. நல்லாத் தெரிஞ்சவங்க வந்து அடையாளம் சொன்னா அதுல என்ன இருக்கு? தெரியாமப் போறதுக்கு வாய்ப்புள்ள ஆளு பேரா எழுதுங்க."

ரெனிட்டா என்று எழுதினேன்.

"அவளுக்கு என்னத் தெரியலன்னா?"

"பெட்டி வர்ற பெல்ட்டுல மூணு சுத்து குடுப்போம். அதுக்கப்புறம் பெல்ட்டு நேரா குவைத்துக்குப் போயிடும்."

பயணிகளைப் பெட்டிகளோடு பெட்டியாக பெல்ட்டில் உட்காரவைத்தார்கள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டேன். எனக்கு முன்னால் மீராசா இருந்தார். அவரைப் போலவே இன்னும் நான்கு பழுப்புப் பெட்டிகள். ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனோம்.

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்றார்கள். வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு பெண் முன்னால் வந்து மூன்றாவது பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"இவுகதான்."

"எப்படித் தெரியும்?" என்று காவலர் கேட்டார்.

"வாய் மூடாது. எப்பவும் அப்படித்தான்."

பார்த்தால், ஜிப் ஓரத்தில் ஒரு விரல் அளவு திறந்துதான் இருந்தது. அவர் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். "ரஹ்மத், மெதுவாத் தள்ளு" என்று பெட்டி சொன்னது. இருவரும் போய்விட்டார்கள்.

பிறகு ரெனிட்டாவைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒரு பச்சை கவுன் போட்டிருந்தாள். முன்பற்கள் இரண்டு இல்லை. அவளுக்குப் பின்னால் தனிஸ்லாஸ் நின்றார். ஜாடை காட்டிவிடக் கூடாது என்று அவரைச் சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். உச்சியில் வழுக்கை விழுந்திருந்தது. அதைப் போனில் அவர் காட்டியதே இல்லை.

நான் சிரித்தேன். ரெனிட்டா என்னைப் பார்த்தாள். அடுத்து வந்த அட்டைப் பெட்டியையும் அதே மாதிரி பார்த்தாள். பெல்ட் என்னை உள்ளே கொண்டுபோய்விட்டது.

இரண்டாவது சுற்றில் "ரெனிட்டாக் குட்டி" என்றேன். "லக்கேஜ் பேசக் கூடாது" என்றார் காவலர். அவள் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். அவ்வளவுதான். திரைக்கு உள்ளே போனதும் அழுகை வந்தது. ஒரு ஊழியர் வந்து பார்த்துவிட்டு, என் தோளில் 'உடையும்' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது சுற்று. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததால் அவள் கால்கள்தான் கண்ணில் பட்டன. இடது செருப்பு வலது காலில் இருந்தது. வலது செருப்பு இடது காலில் இருந்தது.

"ஏட்டி, செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு இம்புட்டு நேரமாவா நிக்க?"

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். காவலர் விசிலை எடுத்தார்.

ரெனிட்டா காலைப் பார்த்தாள். "அப்பாதான் போட்டுவிட்டாரு" என்றாள். பிறகு காவலர் பக்கம் திரும்பினாள்.

"இது எங்க அம்மா."

"எப்படித் தெரியும்?"

"வந்த ஒடனே ஏசுறாங்கல்ல."

காவலர் அதைப் பதிவேட்டில் எழுதினார். நிதானமாக எழுதினார். அதற்குள் பெல்ட் என்னைத் திரைக்கு அருகே கொண்டுபோய்விட்டது. ரெனிட்டா ஓடிவந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பொருந்தாத செருப்போடு நன்றாகவே ஓடினாள். இறங்கிவிட்டேன். கால் தரையில் பட்டது. தரை எங்கேயும் போகவில்லை.

தனிஸ்லாஸைச் சுவரிலிருந்து திருப்பிவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ரெண்டு ஆளு சாப்பாடு" என்றேன்.

வெளியே நல்ல வெயில். ஒரு லோடு வேன் கொண்டுவந்திருந்தார். நான் முன்னால் உட்காரப் போனேன். ரெனிட்டா விடவில்லை. நான் அவள் பொறுப்பு என்று பதிவேட்டில் இருந்தது. என்னைப் பின்னால் படுக்கவைத்து, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் சாக்கை மடித்து முட்டுக்கொடுத்தாள். பிறகு ஏறி என் மேலேயே சாய்ந்துகொண்டாள். கனமாக இருந்தாள்.

வண்டி கிளம்புவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.