குழந்தைகளுக்கு ஏற்ற மூன்றரை மாத்திரைகள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரம் போட்ட பிச்சை. பொருள் விற்கும் இணையதளம் ஒன்றுக்காக, இயந்திரம் தமிழாக்கித் தள்ளும் பக்கங்களைத் திருத்துவது என் பிழைப்பு. அன்று வந்த பக்கம் சிறு குழந்தைகளுக்கான மூன்று டேப்லெட்டுகளை ஒப்பிட்டது. இயந்திரம் வைத்த தலைப்பு: 'குழந்தைகளுக்கு ஏற்ற மூன்று மாத்திரைகள்'.

'முதல் மாத்திரை ஏழு அங்குலம். ரப்பர் உறை உண்டு, கீழே போட்டாலும் உடையாது. இரண்டாவது மாத்திரையில் ஆயிரம் விளையாட்டுகள். மூன்றாவது மாத்திரை நேரம் முடிந்ததும் தானாகவே தூங்கிவிடும்.'

(குழந்தை தூங்குமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.)

வயிறு வலிக்கச் சிரித்தேன். நல்ல நகைச்சுவைக் கதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

2

எப்படித் தொடங்குவது?

'அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்...' (எல்லாக் கதையிலும் யாராவது துணி மடிக்கிறார்கள். வேண்டாம்.)

'மௌனம் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது...' (சீ.)

நேராக விஷயத்துக்கே வருகிறேன். அக்காவுக்கு ஒரு மகள். ஒரு வயதிலேயே ஓயாமல் மழலை பேசியதால் ரேடியோ என்று பெயர் வைத்தோம். இப்போது நான்கு வயது ஆகப்போகிறது, ரேடியோ அணைந்து பல மாதங்களாகிவிட்டன. பசித்தால் கையைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான். மூலையில் விரிசல் விட்ட டேப் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பாள். அது உயிரை விடுவதற்குள் புதிது வாங்க வேண்டும், எது நல்லது என்று அக்கா கேட்டிருந்தாள். அதனால்தான் அந்தப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. மடித்த துண்டை மறுபடி பிரித்தாள். (துணி மடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் என்ன செய்ய?)

"ஏண்டி, டாக்டர் எந்த டேப்லெட்ட சொன்னாரு?" என்றாள்.

3

ரேடியோவை டாக்டரிடம் கூட்டிப்போன அன்று நான் உடன் போகவில்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"டேப்லெட் குடுக்கறீங்களா?"

"குடுக்கறோம் டாக்டர். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

(அக்கா சொன்னது சத்து மாத்திரையை. டாக்டர் எழுதிக்கொண்டது மணி நேரத்தை.)

"அழுவாளா?"

"ஐயோ, ஊரையே கூட்டுவா."

"அத மொதல்ல நிறுத்துங்க. பேச்சு வருதான்னு அப்புறம் பாப்போம்."

"திடீர்னு நிறுத்தலாமா டாக்டர்?"

"அடம் பிடிப்பா. நீங்கதான் தாங்கிக்கணும்."

மாத்திரை நின்றது. ரேடியோ அடமே பிடிக்கவில்லை. அந்தக் கசப்பு நின்றால் யார்தான் அடம் பிடிப்பார்கள்? என்ன சமத்து என்று மனம் குளிர்ந்து, அக்கா டேப்பைக் கூடுதலாக அரை மணி நேரம் கொடுத்தாள்.

வாசகரே, நீங்கள் நம்பவில்லை. படித்த பெண்ணுக்கு இதுகூடவா புரியாது? அக்கா என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. எழுதுகிறவர்கள் பொதுவாகப் பாத்திரத்தைக் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. எனக்கு அடுத்த அறைதான்.

"வீட்ல அத டேப்னுதானே சொல்றோம்? டேப்லெட்னா மாத்திரைதானே?" என்றாள். பிறகு, "புரியாத மாதிரி இருந்துட்டேனோ என்னவோ. அது இல்லேன்னா நான் எப்படிடி சமைக்கிறது, எப்படி குளிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. இதைச் சிரிப்புக் கதையாக எழுதத்தான்...

4

(அடிக்குறிப்பாக வர வேண்டியது. அடியில் இடமில்லை.)

தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்பது நேரத்தின் அளவு. கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, புள்ளி வைத்த எழுத்துக்கு அரை. டேப்பைப் பார்க்கும்போது ரேடியோ இமைப்பதே இல்லை. இலக்கணப்படி அவளுக்கு நேரமே போவதில்லை.

5

'மாத்திரை' வரும் இடங்களில் எல்லாம் 'டேப்லெட்' என்று திருத்தி அனுப்பினேன். அதற்குத்தான் சம்பளம். எங்கள் வீட்டுக் குழப்பமே அந்தத் திருத்திய சொல்லால் வந்தது என்று இணையதளத்துக்கு எழுதினால் வேலை போய்விடும்.

அக்கா டேப்பை அலமாரி மேல் ஏற்றிவிட்டாள். டாக்டர் சொன்ன அடம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டிக் கேட்குமளவுக்கு.

முடிவு அ: ரேடியோ பேசுகிறாள், எல்லோரும் கட்டிக்கொள்கிறோம். (இது விளம்பரம்.)

முடிவு ஆ: பேசவில்லை. காரணம் வேறு ஏதோ என்கிறார் டாக்டர். அக்கா என்னைப் பார்த்து... (எனக்குத் தைரியமில்லை.)

உள்ளதைச் சொல்கிறேன். நான் இதை எழுதும்போது ரேடியோ அலமாரி முன்னால் நிற்கிறாள். அழுகை ஓய்ந்துவிட்டது. அலமாரியின் மேல் ஒரு பார்வை, அக்காவின் மேல் ஒரு பார்வை. உதடு பிரிகிறது. அக்காவின் கையில் அதே துண்டு, மடிக்காமல்.

என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நீங்களே கை நொடித்து எண்ணிக்கொள்ளுங்கள். 'டேப்' என்றால் இரண்டரை மாத்திரையில் முடிந்துவிடும். ('சித்தி' என்றாலும் இரண்டரைதான். அந்த ஆசையை நான் விட்டுவிட்டேன்.) 'அம்மா' என்றால் மூன்றரை.

தயவுசெய்து இரண்டரையோடு எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் ஒரு நொடிப்பு பொறுங்கள்.