பின்னால் வந்த புள்ளிகள்

ஜெயலக்ஷ்மிக்கு மூக்கு நுனியில் கோபம். அந்தக் கோபம்தான் அவளுடைய ஆராய்ச்சியைக் கெடுத்தது, வேறு யாருமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் கல்லூரி அவளுக்கு ஒதுக்கிய இடம் கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடி. வெட்டுக்கிளியின் செல் இரண்டாகப் பிரிவதை அவள் மைக்ராஸ்கோப் வழியாக ஃபிலிமில் பிடிப்பாள். அதை ஒவ்வொரு படமாகச் சுவரில் நிறுத்திக் காட்டினால், உதவிக்கு வந்த முப்பிடாதி குரோமோசோம் நிற்கும் இடத்துக்கு வரைதாளில் புள்ளி வைப்பாள். புள்ளிகளைச் சேர்த்தால் வேகம் தெரியும். வேகத்திலிருந்து, குரோமோசோமை இழுக்கும் விசை எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

முதல் சுருளிலேயே கோடு நெளிந்தது. ஓரத்தை நோக்கிப் போன குரோமோசோம் நாலைந்து படங்களில் பின்னால் வந்து, மறுபடியும் முன்னே போயிற்று.

"என்னடி இது? கீழே லாரி வந்திருக்கும், மாடி ஆடியிருக்கும்."

"டீச்சர், இது பந்த் அன்னிக்கு எடுத்த படமாக்கும். லாரியே ஓடல்ல. நான் மூணு தடவ பாத்துட்டேன்."

"அப்போ உன் கைதான் ஆடித்து. சாயா குடிச்சுண்டே புள்ளி வெச்சா வேற எப்படி இருக்கும்? பத்தாம் கிளாஸ் படிச்சவ நேக்குப் பாடம் எடுக்க வேண்டாம்!"

ஜெயலக்ஷ்மி அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள். பிறகு வந்த பதினோரு சுருளிலும் கோடு நூல் பிடித்தாற்போல ஓடியது. டாக்டர் பட்டமும் கிடைத்தது.

எண்பத்துநாலில் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கைக்கு வந்தது. குரோமோசோமை எதிர்ப்பக்கமும் விடாமல் இழுக்கிறது, அதனால் அது முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். ஜெயலக்ஷ்மி அதை இரண்டு தடவை படித்தாள். அடக் கடவுளே, ஒன்பது வருஷம் முன்னாலேயே மட்டாஞ்சேரியில் பார்த்தாயிற்றே! கிழித்தது போகட்டும், மிச்சப் பதினொன்றில் ஏதாவது ஒன்றில் அந்த நெளிவு இருந்தால் கூடப் போதும், நாங்களும் கண்டோம் என்று எழுதிவிடலாம். ஃபிலிமெல்லாம் கொச்சி ஈரத்தில் பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மிஞ்சியவை வரைதாள்கள்தான். இரண்டு நாள் லென்ஸ் வைத்துத் தேடினாள். ஒரு புள்ளிகூட விலகவில்லை.

மூன்றாம் நாள் முப்பிடாதியின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். முப்பிடாதி இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். டீச்சரைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீ சொன்னதுதான் சரி, முப்பிடாதி. உன்னைத் திட்டினது என் தப்பு, மகா தப்பு. மத்த சுருள்லயும் அது பின்னால வந்துதா? நன்னா யோசிச்சுச் சொல்லு."

"எல்லாத்திலயும் வந்துச்சு டீச்சர்."

"பின்னே தாள்ல காணலையே?"

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள். "வேலை போயிருமோன்னு பயம். பின்னால வந்த படத்தையெல்லாம் விட்டுட்டு நேரா வெச்சேன். அதப் பாத்து நீங்க எத்தனை சந்தோஷப்பட்டீங்க! அன்னிக்குத்தான் மொத மொதல்ல என்னைக் கெட்டிக்காரின்னு சொன்னீங்க."